சீசன் வருகிறது, வீட்டை விடச் சொல்கிறார்கள்: திருகோணமலையில் வாடகைக்கு இருப்பவருக்கு என்ன உரிமை?

மல்லிகைப்பந்தல்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் உப்புவெளியில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி. எழுத்தில் உடன்படிக்கை ஒன்றும் இல்லை. வரும்போது மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தோம். மாதம் 20,000 என்று வாய்ப்பேச்சு. ஒரு சி.ஆர். கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி வைப்பேன், வீட்டுக்கார ஐயா மாதாமாதம் அதில் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஒரு மாதமும் பிந்தியதில்லை.

போன கிழமை அவரும் மகனும் வந்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து 45,000 தரவேண்டும், முடியாவிட்டால் மாதம் முடிய வீட்டை விடவேண்டும் என்றார்கள். காரணத்தையும் மறைக்கவில்லை. மே தொடங்கினால் கடற்கரைக்கு வெளிநாட்டுக்காரர் வந்துவிடுவார்கள், அறை அறையாக நாள் வாடகைக்குக் கொடுத்தால் எங்களிடம் ஒரு மாதத்துக்கு வாங்குவதை ஒரு கிழமையில் எடுத்துவிடலாம் என்று மகன் நேரடியாகவே சொன்னார். போகும்போது, "கரண்டும் தண்ணியும் எங்கட பேரிலதான் இருக்கு, வெட்டச் சொன்னா வெட்டுவாங்கள்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மகள் ஓ.எல். சோதனை எடுக்கிற வருஷம். மாமிக்கு நடக்க ஏலாது. நகரத்துக்குள்ளே வீடு பார்த்தால் எல்லாரும் ஒரு வருஷ முற்பணம் கேட்கிறார்கள். இப்படி இரண்டு மடங்குக்கு மேல் கூட்டலாமா? மாத முடிவில் நாங்கள் எழும்பித்தான் ஆகவேண்டுமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோரத்தான்

அக்கா, மனவருத்தமாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரருடன் சண்டை பிடித்து அதே வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது. சாம்பல்தீவுப் பக்கம், செல்வநாயகபுரம் பக்கம் இன்னும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது. பார்த்துக்கொண்டு மாறிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

வில்லூன்றியான்

தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மாறுவதா இல்லையா என்பதை அந்தக் குடும்பம் ஆறுதலாக யோசித்து முடிவெடுக்க வேண்டும். மகன் வந்து வெருட்டியதற்காக எழும்பக்கூடாது. நான் பல காலம் ஒரு சட்டத்தரணியிடம் இலிகிதராக இருந்தவன். தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள், தங்கச்சி. வீட்டுக்காரர் "போ" என்று சொல்வதும் சட்டப்படி வெளியேற்றுவதும் ஒன்றல்ல. அவர் சொல்வது, எழுதுவது, சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்புவது எல்லாமே அறிவித்தல்தான். அறிவித்தல் முடிந்தும் நீங்கள் எழும்பாவிட்டால் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும், தீர்ப்பு எடுக்கவேண்டும், பிறகு நீதிமன்றத்தின் எழுத்தாணையோடு பிஸ்கால், அதாவது கட்டளையை நிறைவேற்றுகிற நீதிமன்ற அதிகாரி, வரவேண்டும். உங்கள் சாமானைத் தூக்கி வெளியே வைக்கும் அதிகாரம் அந்த வழியாக வருகிறவருக்கு மட்டும்தான். வீட்டுக்காரருக்கோ மகனுக்கோ அது இல்லை. பொலிசுக்கும் இல்லை.

அடுத்தது, மாத முடிவு. நம் நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக வேண்டுமானால் உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உங்களுடையது வாய்ப்பேச்சு என்பதால் அது மாத வாடகை. எத்தனை வருஷம் இருந்தாலும் மாதம் மாதமாக நீள்கிற வாடகைதான். அதை முடிக்க முழு ஒரு மாத அறிவித்தல் கொடுக்கவேண்டும், அந்த அறிவித்தல் வாடகை மாதம் முடிகிற நாளோடு முடியவேண்டும். முதலாம் திகதியிலிருந்து மாதம் ஓடுகிறது, அவர் ஏப்ரல் 10 அன்று சொல்கிறார் என்று வையுங்கள். ஏப்ரல் 30 போதாது, மே 10 உம் செல்லாது. மே 31 வரைக்கும் உங்களுக்கு நாள் இருக்கிறது. இந்தக் கணக்குப் பிழைத்து வீட்டுக்காரர்கள் தோற்ற வழக்குகளை நானே பார்த்திருக்கிறேன்.

இனிக் கரண்ட் விஷயம். கட்டணச் சீட்டு அவர் பேரில் இருக்கலாம். அதற்காகக் குடும்பத்தை வெளியேற்றுவதற்குக் கரண்டையும் தண்ணீரையும் வெட்டுவதை எந்த நீதிமன்றமும் நல்ல கண்ணோடு பார்க்காது. அப்படி நடந்தால், அல்லது நீங்கள் வெளியே போன நேரம் பூட்டை மாற்றினால், அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு போடுங்கள், முறைப்பாட்டின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66 ஆம் பிரிவு இருக்கிறது. காணி, வீடு தொடர்பான பிணக்கால் சமாதானக் குலைவு வரலாம் என்றால் பொலிசும் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், நீங்களே சத்தியக் கடதாசியோடும் போகலாம். அங்கே வீடு யாருக்குச் சொந்தம் என்று நீதவான் பார்ப்பதில்லை. யாருடைய கையில் இருந்தது என்றுதான் பார்ப்பார். பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் திரும்ப உள்ளே விடச் சொல்லலாம். ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் அந்த விஷயம் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எத்தனையோ குடும்பங்கள் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கி, "பார்ப்போம், பேசிப் பார்ப்போம்" என்று நாளைக் கடத்தி இந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டிருக்கின்றன. இதை எழுதும்போதே எனக்கு அவர்கள் முகம் நினைவுக்கு வருகிறது. தயவுசெய்து நாளைக் கடத்தாதீர்கள்.

மல்லிகைப்பந்தல்

ஐயா, மிக்க நன்றி. மாமிக்கு வாசித்துக் காட்டினேன், அவ கொஞ்சம் தெளிந்துவிட்டா. இன்னும் இரண்டு கேள்வி. வாடகையைக் கூட்டுவதற்கு ஒரு எல்லை இல்லையா? வாடகைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, நினைத்தபடி கூட்ட முடியாது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் சொன்னார். மற்றது, அட்வான்ஸ் மூன்று மாதம் அவரிடம் இருக்கிறதே. இனி வாடகை கட்டாமல், அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா?

வில்லூன்றியான்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். உங்கள் கையிலுள்ள மிகப் பெரிய பலம் அந்தக் கொப்பியில் இருக்கிற பிந்தாத வாடகை. அதை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள். அட்வான்ஸ் என்பது போகும்போது திரும்ப வாங்குகிற காசு. அதில் கழியுங்கள் என்று நீங்களாகச் சொன்னால், வாடகை நிலுவை என்று அவர் எழுதுவதற்கு இடம் கிடைத்துவிடும். ஐயா வாடகையை வாங்க மறுத்தால் உரிய திகதியில் காசுக்கட்டளையாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். தபால் முத்திரையோடு பிரிக்காத உறை நீதிமன்றத்தில் நன்றாகவே பேசும். வங்கிக் கணக்கு இலக்கம் தெரிந்தால் அதில் போட்டுச் சீட்டை வைத்துக்கொள்ளலாம்.

முதல் கேள்விக்கான பதில் உங்களுக்குப் பிடிக்காது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. அது பிடிக்கிற வீடுகளில் வாடகைக்கு உச்சம் உண்டு, மூன்று மாதத்துக்கு மேல் முற்பணம் கேட்கக்கூடாது, நிலுவை, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை, சேதம், அனுமதியில்லாமல் கீழ்வாடகைக்குக் கொடுத்தல் போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் எழுப்பவும் முடியாது. ஆனால் 1980 ஆம் ஆண்டின் 55 ஆம் இலக்கத் திருத்தம் வந்தபோது, 1980 சனவரி 1 க்குப் பிறகு கட்டி வாடகைக்குக் கொடுத்த வீடுகளையும், அன்றைய திகதியில் உரிமையாளரே குடியிருந்து பிறகு வாடகைக்குக் கொடுத்த வீடுகளையும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே விட்டுவிட்டார்கள். உப்புவெளியில் இன்று நிற்கிற வீடுகளில் பெரும்பாலானவை எந்தக் காலத்தில் எழும்பியவை என்று நீங்களே பார்க்கலாம். ஆகவே உங்கள் வீட்டுக்கு வாடகை உச்சவரம்பு இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக அவர் ஒருநாள் வந்து 45,000 என்று சொன்னவுடனே அது வாடகை ஆகிவிடாது. வாடகை என்பது இருவரும் ஒத்துக்கொண்ட தொகை. நீங்கள் ஒத்துக்கொள்ளும் வரைக்கும், அல்லது அவர் முறைப்படி அறிவித்தல் கொடுத்து இந்த வாடகையை முடிக்கும் வரைக்கும், 20,000 தான் வாடகை. சந்தோஷப்பட்டுத் தலையாட்டி ஒரு மாதம் கூட்டிக் கட்டிவிட்டால் அது ஒத்துக்கொண்டதாகிவிடும்.

பாலையூற்று வீட்டுக்காரி

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். என் கணவர் இல்லை. அவர் கட்டிய பின் வீட்டு வாடகைதான் என் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும். முன்பு இருந்த குடும்பம் பல மாதம் வாடகை தரவில்லை, எழும்பவும் இல்லை. வழக்குப் போட்டேன். தவணை, தவணை என்று வருஷக்கணக்கில் இழுபட்டது. ஒவ்வொரு தவணைக்கும் சட்டத்தரணிக்கும் ஓட்டோவுக்கும் காசு. கடைசியில் அவர்களாகப் போனார்கள், ஒரு சதமும் தராமல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் அக்கா குடும்பம் 1990 இல் இடம்பெயர்ந்து போனது. திரும்பி வந்து பார்த்தபோது அவர்களுடைய வீட்டில் வேறு ஆட்கள். அதனால் யாரையாவது வீட்டில் நீண்ட காலம் வைத்திருந்தால் ஆட்சியுரிமை கேட்டுவிடுவார்கள் என்ற பயம் இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் கிராம சேவகரான ஜி.எஸ்.இடம் பதிய, வாக்காளர் இடாப்பில் பெயர் போட எங்களைக் கையெழுத்துக் கேட்டால் நாங்கள் பின்னடிப்பதும் அந்தப் பயத்தில்தான். பேராசை பிடித்தவர்கள் என்று எல்லா வீட்டுக்காரரையும் நினைக்க வேண்டாம்.

வில்லூன்றியான்

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. இதை வாடகைக்கு இருப்பவர்களும் வாசிக்கவேண்டும். ஆட்சியுரிமைப் பயத்துக்கு மட்டும் ஒரு பதில் சொல்கிறேன். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி பத்து வருஷம் உரிமையாளருக்கு எதிராக, தன் சொந்தம் போல ஆண்டிருந்தால்தான் உரிமை வரும். வாடகை கொடுத்து இருப்பவர் உரிமையாளரின் அனுமதியில் இருக்கிறார். அவர் இருபது வருஷம் இருந்தாலும் அது எதிர் ஆட்சி ஆகாது. வாடகைக்கு எடுத்தவர் அந்த வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்காரரின் உரிமையை மறுக்கவும் முடியாது, சாட்சியச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே ரசீது கொடுப்பதும் ஜி.எஸ். பதிவுக்குக் கையெழுத்துப் போடுவதும் உங்களைத்தான் காப்பாற்றும். அது "இவர் என் வாடகைக்காரர்" என்பதற்கான சான்று. ரசீதே கொடுக்காமல் விடுகிற வீட்டுக்காரர்தான் பிறகு கஷ்டப்படுகிறார்.

போர்க்காலத்தில் இழந்தவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. 1983 மே 1 இலிருந்து 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலால் தம் காணிக்கு வழக்குத் தொடர முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்று அது சொன்னது. அக்காவின் விஷயம் வேறு, அதை ஒரு சட்டத்தரணியிடம் தனியாகக் காட்டுங்கள்.

பிரதான வீதி கடை

கடைகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அப்பா காலத்திலிருந்து நாங்கள் இருக்கிற கடையைப் போன வருஷம் பழைய உரிமையாளர் விற்றுவிட்டார். வாங்கியவர் வந்து, "நான் உங்களோடு ஒரு உடன்படிக்கையும் செய்யவில்லை, எழும்புங்கள், அல்லது கடையில் இருக்க விடுவதற்குப் புதுசாகக் கீமணிக் காசு தாருங்கள்" என்றார். நாங்கள் சட்டத்தரணியிடம் போனோம். விற்றதால் வாடகைக்காரரின் உரிமை போகாது, வாங்கியவர் பழையவருடைய இடத்தில் உங்கள் வீட்டுக்காரராக வந்து நிற்கிறார், அவ்வளவுதான் என்று அவர் விளக்கினார். ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்த பழைய விதியாம் அது. விற்பனைக்கு முன்னால் வாடகை நிற்கும் என்பதுதான் அதன் சாரம்.

புதியவர் வாடகையை வாங்க மறுத்ததால், வாடகைச் சட்டம் பிடிக்கிற கடை என்ற அடிப்படையில் உள்ளூராட்சி சபையில் வாடகையைக் கட்டி ரசீது எடுக்கிறோம். அந்தச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் எல்லாக் கடைக்கும் அந்தச் சட்டம் பிடிக்காது. சோலைவரிக்காக, அதாவது கட்டட வரிக்காக, சபை போட்ட வருடாந்தப் பெறுமதியைப் பொறுத்துத்தான் அது. உங்கள் கடைக்குப் பிடிக்குமா என்பதைச் சபையிலிருந்து பழைய மதிப்பீட்டுப் பிரதியை எடுத்துக் காட்டித்தான் கேட்கவேண்டும். எங்களுக்கு அந்த ஒரு கடதாசிதான் கைகொடுத்தது.

கோணேசபுரி

நான் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறேன். நிலாவெளிப் பக்கம் போர்டிங்கில் இருக்கிற எங்களுக்கும் சீசன் வந்தால் இதே கதைதான். ஏப்ரலில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அறையில் வேறு ஆட்கள், எங்கள் பெட்டி விறாந்தையில். மாணவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

வில்லூன்றியான்

வாடகை கொடுத்துத் தனியாகப் பூட்டித் திறக்கிற அறை என்றால் நீங்களும் வாடகைக்காரர்தான், தம்பி. வீட்டுக்காரரின் வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டோடு தங்குவது என்றால் நிலைமை வேறு, அதில் உரிமை குறைவு. ஊருக்குப் போகும்போது விடுமுறை மாதத்து வாடகையைக் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கட்டாமல் போனால், விட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்வது அவருக்கு இலேசு.

கடலோரத்தான்

இதை எல்லாம் வாசித்த பிறகு என் கருத்து மாறிவிட்டது. அக்கா, இருந்து பேசுங்கள். பணம் இல்லை என்று பயப்பட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்வார்கள், வழக்கும் பேசுவார்கள். திருகோணமலையிலும் அலுவலகம் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவின் விஷயத்துக்கு அங்கேதான் போனோம், மரியாதையாக நடத்தினார்கள். கொப்பி, கரண்ட் பில், தண்ணீர் பில், அடையாள அட்டை எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

மல்லிகைப்பந்தல்

நடந்ததை எழுதுகிறேன். வில்லூன்றியான் ஐயா விளக்கியதை வைத்து வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினோம், தமிழில், ஒரே பக்கம். இந்தத் திகதியிலிருந்து வாடகைக்கு இருக்கிறோம், நிலுவை இல்லை, சட்டப்படியான அறிவித்தல் கிடைக்கவில்லை, கரண்ட் தண்ணீரை வெட்டினால் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போவோம், பேசித் தீர்க்க விருப்பமாக இருக்கிறோம் என்று. பதிவுத் தபாலில் போட்டோம். இந்த மாத வாடகையையும் வங்கியில் கட்டினோம்.

மூன்றாம் நாள் வீட்டுக்கார ஐயா தனியே வந்தார். மகன் வரவில்லை. கடிதம் கண்டு மனம் நொந்துவிட்டது என்றார். எனக்கும் கவலைதான், நல்ல மனிதர், மாமிக்கு வருத்தம் வந்தபோது தன் வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். நீண்ட நேரம் கதைத்தோம். வீடு கட்டிய கடனை மகன் கட்டுகிறார், வட்டி ஏறிவிட்டது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் 28,000 என்றும், ஒரு வருஷத்துக்கு எழுப்புவதில்லை என்றும் வாய்ப்பேச்சில் வந்து நிற்கிறோம். எழுதிவிடுவோம் என்று அவரே சொல்கிறார். கடையில் விற்கிற அச்சடித்த படிவத்தில் முத்திரை ஒட்டி, ஜி.எஸ். முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும் என்று மகன் சொல்கிறாராம். சரியா?

வில்லூன்றியான்

நல்ல செய்தி, தங்கச்சி. ஆனால் அந்தப் படிவம் போதாது. ஒரு வருஷம் என்று அதில் எழுதியிருந்தாலும் நொத்தாரிசு கையெழுத்து இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் திரும்பவும் மாத வாடகைக்காரர்தான். ஒரு மாத அறிவித்தலில் எழுப்பலாம். ஒரு வருஷப் பாதுகாப்பு உண்மையிலேயே வேண்டுமானால் நொத்தாரிசிடம் போய் எழுதி, காணிப் பதிவகத்திலும் பதியுங்கள். செலவை இரண்டு பக்கமும் பாதி பாதியாகப் போடலாம்.

அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தைக் காலம் முடிந்ததும் விரைவாகத் திரும்ப எடுக்க உரிமையாளருக்கு ஒரு குறுக்கு வழி கொடுத்திருக்கிறது. பாலையூற்று அம்மா பட்ட பாட்டைப் போன்றவற்றுக்காக வந்த சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீதிமன்றம் முதலில் உரிமையாளரின் கடதாசிகளைப் பார்த்து ஒரு தற்காலிகக் கட்டளை போடும். நீங்கள் குறித்த திகதியில் போய், எனக்கு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது என்று காட்டி அனுமதி எடுக்கவேண்டும். போகாவிட்டால் அந்தக் கட்டளையே இறுதியாகிவிடும். ஆகவே எழுத்துக் குத்தகை அந்த ஒரு வருஷத்துக்கு உங்களைக் காப்பாற்றும், வருஷம் முடிந்த மறுநாளிலிருந்து அவரைக் காப்பாற்றும். முடிவுத் திகதியை மகளின் சோதனை முடிந்து இரண்டு மாதமாவது தள்ளி வையுங்கள்.

எழுதும்போது பார்க்கவேண்டியவை: காலத்துக்குள் வாடகை கூடாது என்ற வசனம். நீடித்தால் எவ்வளவு கூடும் என்ற தொகை. முன்பு கொடுத்த மூன்று மாத அட்வான்ஸ் இந்தக் குத்தகைக்குத் தொடர்கிறது, வீட்டை ஒப்படைத்து எத்தனை நாளுக்குள் திரும்பக் கிடைக்கும் என்பது. கரண்ட், தண்ணீர் இணைப்பை உரிமையாளர் துண்டிக்கக்கூடாது, பில்லை நீங்கள் கட்டவேண்டும் என்பது. வீட்டின் தற்போதைய நிலையை இருவரும் பார்த்து, சுவர் வெடிப்பு, கதவுப் பூட்டு, குழாய், மின்விசிறி என்று ஒரு அட்டவணை எழுதி அதிலும் கையெழுத்துப் போடுங்கள், கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். அட்வான்ஸ் சண்டைகளில் பெரும்பகுதி அந்த அட்டவணை இல்லாததால்தான் வருகிறது.

நொத்தாரிசு ஆங்கிலத்தில் எழுதித் தந்தால் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் வரைவை வாங்கி வீட்டில் ஆறுதலாக வாசியுங்கள், மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பாலையூற்று வீட்டுக்காரி

அந்த அட்டவணை எனக்கும் வேண்டும், ஐயா. அடுத்த மாதம் ஒரு தாதியர் குடும்பம் வருகிறது. ஒரு மாதிரி எழுதிப் போடுவீர்களா?

வில்லூன்றியான்

ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிப் போடுகிறேன், அம்மா.